டயர் எங்கே உரசுகிறது? இறக்கிய காரும் மாற்றிய சக்கரமும்

கும்பகோணத்தில் இப்போ எந்தத் தெருவில் நின்றாலும் அலாய் வீல் மாற்றி, ஸ்பிரிங் இறக்கி, தரையோடு ஒட்டின மாதிரி போகும் கார் ஒன்றிரண்டு கண்ணில் படுகிறது. பார்க்க அழகாத்தான் இருக்கு, அதை மறுக்க முடியாது. பட்டறையிலிருந்து வெளியே வரும்போது சத்தமே இருக்காது. ஒரு வாரம் கழித்து பின்சீட்டில் மூணு பேர் ஏறுவாங்க, ஒரு வேகத்தடை வரும், பின்சக்கரத்துக்கு மேலே 'கிர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டால், "ஒண்ணும் இல்ல சார், ஓட ஓட சரியாயிடும்" என்பதுதான் வழக்கமான பதில்.

சரியாகாது. ஓட ஓட ஒரு பொருள் தேயும், அவ்வளவுதான். தகரமும் ரப்பரும் உரசினால் முதலில் தேய்வது எது என்று சொல்லத் தேவையில்லை.

இந்தக் குறிப்பில் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: டயருக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியை நிற்கிற காரில் அளந்து பயனில்லை. முழு பாரம், முழு திருப்பம், முழு அமுக்கம் என்ற மூன்றும் சேர்கிற நிலையில்தான் அது எவ்வளவு என்று தெரியும். அந்த நிலையை சக்கரம் வாங்குவதற்கு முன்பே காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

ரெண்டு விரல் போதுமா?

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ரெண்டு விரல் போகிறதா என்று பார்த்து "இடம் இருக்கு" என்று சொல்வது பலருடைய பழக்கம். நம்ம ஊர்த் தேரை நினைத்துப் பாருங்க. சாரங்கபாணி கோயில் தேர் எவ்வளவு பெரியது! ஆனால் அதன் அச்சு அசையாது. ஸ்பிரிங் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது. திருப்பவும் நிறுத்தவும் முட்டுக்கட்டைதான். சக்கரம் தன் இடத்தில் சுழல்வதைத் தவிர வேறு எந்தப் பக்கமும் நகராது. அதனால் நிற்கும்போது என்ன இடைவெளியோ, ஓடும்போதும் அதேதான். ரெண்டு விரல் கணக்கு தேருக்குப் பொருந்தும்.

காருக்குப் பொருந்தாது. கார் சக்கரம் மேலும் கீழும் போகிறது, முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புகிறது, ரெண்டும் ஒரே நேரத்திலும் நடக்கின்றன. பாடிக்குள் சக்கரம் போய்வரக்கூடிய இந்த மொத்த இடத்துக்கும் தயாரிப்பாளர் கணக்கு வைத்திருக்கிறார். சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் மாற்றும்போது நாம் கை வைப்பது அந்த இடத்தில்தான்.

ஆஃப்செட் என்ற எண்

அலாய் வீல் உட்புறத்தில் '7 ஜே × 16, ஈ.டி. 35' என்று வார்த்திருப்பார்கள். 16 என்பது ரிம்மின் விட்டம், 7 என்பது அகலம், ரெண்டும் அங்குலத்தில். கடையில் பேசப்படுவது இந்த ரெண்டும்தான். உரசலைத் தீர்மானிக்கிற மூன்றாவது எண்ணான ஈ.டி.யை யாரும் கேட்பதில்லை.

ஈ.டி. என்பது ஆஃப்செட். ரிம்மின் அகலத்துக்கு நட்டநடுவில் ஒரு கோடு போடுங்க. ரிம் ஹப்போடு சேருகிற முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறதோ, அதுதான் ஈ.டி. இந்த எண் பெரிதாக இருந்தால் சக்கரம் காருக்குள்ளே தள்ளி உட்காரும். சிறிதானால் வெளியே துருத்தும். முன்சக்கரத்தால் இழுக்கப்படும் சிறிய கார்களில் 40, 45 என்ற அளவில் ஈ.டி. இருப்பது சகஜம். நடுவில் 10 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் ஈ.டி. 10 குறைந்ததாக அர்த்தம், அதில் வேறு மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் ஸ்பேசர் வைத்த அளவுக்கு நட்டு பிடிக்கிற மரையும் குறைந்துவிடும். 12 மி.மீ. ஸ்டட்டில் குறைந்தது 12 மி.மீ. ஆழமாவது நட்டு ஏறியிருக்க வேண்டும். 1.5 பிட்ச் மரை என்றால் 8 சுற்று. அதற்குக் குறைந்தால் அந்த ஸ்பேசர் வேண்டாம்.

ஒரு கணக்கு

ஒரு ஹேட்ச்பேக் காரை எடுத்துக்கொள்வோம். கம்பெனி கொடுத்தது 5.5 ஜே × 15 ரிம், ஈ.டி. 45, டயர் 185/65 ஆர்15. கடையில் பிடித்துப்போனது 7 ஜே × 16, ஈ.டி. 35, டயர் 205/55 ஆர்16.

முதலில் உயரம். பக்கச்சுவரின் உயரம் என்பது அகலத்தில் அத்தனை சதவீதம். பழைய டயரில் 185-இல் 65 சதவீதம் 120.25 மி.மீ. மேலும் கீழுமாக 240.5. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. கூட்டினால் விட்டம் 621.5 மி.மீ. புது டயரில் 205-இல் 55 சதவீதம் 112.75, ரெண்டு மடங்கு 225.5. ரிம் 406.4. கூட்டினால் 631.9. விட்டத்தில் 10 மி.மீ. கூடுதல், ஆரத்தில் 5 மி.மீ. சக்கரத்தின் மேல்புறம் மட்கார்டை நோக்கி 5 மி.மீ. நெருங்கிவிட்டது.

அடுத்து பக்கவாட்டு இடம். ஹப் முகத்திலிருந்து டயரின் வெளி ஓரம் எவ்வளவு தூரம் என்பதற்கு டயர் அகலத்தில் பாதியிலிருந்து ஈ.டி.யைக் கழியுங்க. உள் ஓரத்துக்குக் கூட்டுங்க.

பழையது: வெளியே 92.5 − 45 = 47.5. உள்ளே 92.5 + 45 = 137.5.
புதியது: வெளியே 102.5 − 35 = 67.5. உள்ளே 102.5 + 35 = 137.5.

உள்பக்கம் ஏறக்குறைய அப்படியே. வெளிப்பக்கம் மட்டும் 20 மி.மீ. கூடியிருக்கு. மட்கார்டு ஓரம் பழைய டயரைவிட 15 மி.மீ. வெளியே இருந்தது என்று வைத்தால், புது டயர் அந்த ஓரத்தையும் தாண்டி 5 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். முன்பு சக்கரம் மேலே ஏறினால் மட்கார்டுக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். இப்போது ஏறினால் நேராக ஓரத்துத் தகரத்தில் போய் முட்டும்.

அதே காருக்கு 6 ஜே × 16, ஈ.டி. 45 ரிம்மில் 195/55 ஆர்16 போட்டால்? விட்டம் 620.9, பழையதற்குச் சமம். வெளியே 52.5, உள்ளே 142.5. ரெண்டு பக்கமும் 5 மி.மீ.தான் கூடுகிறது. பார்வைக்கு இதுவும் 16 அங்குல அலாய்தான். விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒன்று உரசும், இன்னொன்று அநேகமாக உரசாது.

ரெண்டு எச்சரிக்கை. டயரில் அச்சிட்ட அகலம் பெயரளவுதான், 195 என்று எழுதிய ரெண்டு கம்பெனி டயர்கள் அளவில் சில மி.மீ. வேறுபடலாம். தவிர, அதே டயரை அரை அங்குலம் அகலமான ரிம்மில் மாட்டினால் சுமார் 5 மி.மீ. விரிந்துகொள்ளும். அதனால் கணக்கில் ஒரு 5 மி.மீ. சேமிப்பாக விட்டு வையுங்க.

இறக்கும்போது என்ன ஆகிறது?

காரை இறக்கியதால் சக்கரம் மட்கார்டுக்குள் கூடுதலாக ஏறுகிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அப்படி இல்லை. சக்கரம் எவ்வளவு உயரம் ஏறலாம் என்று முடிவு செய்வது ஷாக் அப்சார்பரோடு இருக்கிற பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டை. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் அந்த எல்லை மாறுவதில்லை. மாறுவது, எத்தனை முறை அந்த எல்லைக்குப் போகிறது என்பதுதான். கம்பெனி உயரத்தில் வருஷத்துக்கு நாலு தடவை நடந்தது இப்போது நாளுக்கு நாற்பது தடவை நடக்கும்.

இதையும் எண்ணில் பார்க்கலாம். சக்கரம் தன் சாதாரண நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப்பைத் தொட 80 மி.மீ. ஏற வேண்டும் என்று கொள்வோம். காரை 35 மி.மீ. இறக்கியாச்சு. மிச்சம் 45. பின்னால் மூணு பேர், டிக்கியில் பை. இதனால் பின்சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் 90 கிலோ கூடுகிறது. ஸ்பிரிங் ஒரு மி.மீ. அமுங்க இரண்டரை கிலோ வேண்டும் என்றால் 36 மி.மீ. இறங்கும். மிச்சம் 9 மி.மீ. புது ஸ்பிரிங் 20 சதவீதம் விறைப்பு என்றாலும் 30 மி.மீ. இறங்கும், மிச்சம் 15. ஒரு சின்னப் பள்ளம் போதும், சக்கரம் மேலே போய் முட்டிவிடும். டயர் 20 மி.மீ. வெளியே நீண்டிருந்தால் ரப்பர் கட்டையைத் தொடுவதற்கு முன்பே மட்கார்டைத் தொட்டுவிடும்.

ஸ்பிரிங்கை அறுத்து இறக்குவது இதைவிட மோசம். வேலை செய்கிற சுற்று 6 இருந்து, அதில் ஒன்றை அறுத்தால், ஸ்பிரிங் 20 சதவீதம் விறைக்கும். அறுத்த முனை இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறவும் வாய்ப்புண்டு. சிலர் இடிக்கிறது என்று பம்ப் ஸ்டாப்பையே பாதியாக வெட்டுவாங்க. சக்கரம் நிஜமாகவே கூடுதல் உயரம் ஏறுவது அப்போதுதான்.

முன்னும் பின்னும் ஒரே மாதிரி உரசாது

பெரும்பாலான சிறிய கார்களில் முன்னால் இருப்பது மெக்பர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெயரில் வந்தது, 1950களில் ஃபோர்டு கார்களில் பரவியது. ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக டயருக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஈ.டி. அதிகமான அகல ரிம் போட்டால் டயரின் உள் சுவர் அந்தத் தூணைத் தொடும். ஈ.டி. குறைவான ரிம் போட்டால் வேறு சிக்கல். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் ஓர் அச்சைச் சுற்றித் திரும்புகிறது. சக்கரம் அந்த அச்சிலிருந்து வெளியே தள்ளத் தள்ள, கதவின் ஓரம் மாதிரி பெரிய வட்டம் அடிக்கும். டயரின் முன் ஓரம் பம்பரையும், பின் ஓரம் மட்கார்டுக்குள் இருக்கிற பிளாஸ்டிக் லைனரையும் தொடும். முழு திருப்பத்தில் மட்டும் உரசினால் காரணம் இதுதான்.

பின்னால் டார்ஷன் பீம் வைத்த கார்களே அதிகம். அதில் சக்கரம் சாயாமல் ஏறக்குறைய நேராக மேலே போகும். அதனால் வெளியே நீண்ட டயர் நேராக மட்கார்டு ஓரத்துக்குத்தான் போகும். பாரம் ஏறினால் மட்டும் பின்னால் சத்தம் வருவதற்குக் காரணம் இந்த அமைப்பு.

நம்ம ஊர் ரோட்டில்

கும்பகோணத்திலிருந்து கிளம்பி ஒரே நாளில் நவக்கிரக கோயில் ஒன்பதையும் பார்த்துவிட்டு வருவது இங்கே வழக்கம். திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. அஞ்சு பேர், சாப்பாட்டுக் கூடை, தண்ணீர் கேன். வழி முழுக்க வாய்க்கால் மதகுகள், கிராமத்து வேகத்தடைகள், கோயில் சந்துகளில் முழு திருப்பம். நான் மேலே சொன்ன மூன்று நிலைகளும் ஒன்றுசேருகிற நாள் அதுதான். வார நாளில் தனியாக ஆபீஸ் போய்வருகிறவருக்கு அதுவரை உரசல் இருப்பதே தெரியாது.

வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் தந்த அளவு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்கினால் சக்கரம் நிதானமாக உயரும். கிராமத்தில் ஊர்க்காரங்க சிமெண்டில் கட்டிவிடுவது ஒரு மீட்டர்கூட அகலம் இருக்காது. அதில் சக்கரம் தூக்கி எறியப்படுகிறது. அதோடு, இறக்கிய கார்க்காரங்க வயிறு இடிக்கக்கூடாது என்று வேகத்தடையில் ஸ்டியரிங்கைத் திருப்பி சாய்வாக ஏற்றுவாங்க. வயிறு தப்பிக்கும். ஆனால் ஒரு முன்சக்கரம் திரும்பிய நிலையில் முழுசாக மேலே போகும். டயருக்கு இதைவிட மோசமான நிலை இல்லை.

மழைக்காலத்தில் இன்னொன்று. நம்ம வண்டல் களி லைனரில் அப்பிக் காய்ந்தால் செங்கல் மாதிரி ஆகிவிடும். 10 மி.மீ. இடைவெளி இருந்த இடத்தில் அது 5 ஆகும். அறுவடை நேரத்தில் ரோட்டில் கிடக்கிற வைக்கோலும் உள்ளே சேரும். இடைவெளி குறைந்த கார்களை இந்த மாதங்களில் அடிக்கடி கழுவியே ஆகணும்.

சத்தத்தை வைத்து இடம் கண்டுபிடிப்பது

முழுசா திருப்பும்போது மட்டும் சத்தம் என்றால் முன் லைனர், பம்பர் அல்லது உள்ளே சட்டம். பள்ளத்தில், பாரத்தில் மட்டும் என்றால் பின் மட்கார்டு ஓரம். நேராகப் போகும்போதே, வேகத்துக்கு ஏற்ப விடாமல் வந்தால் ஸ்ட்ரட் தூண் அல்லது பிரேக் காலிபர். இந்தக் கடைசி வகை வந்தால் ஓட்டாமல் அங்கேயே நிறுத்துங்க.

டயரையும் பாருங்க. தோள்பட்டையில் ரப்பர் பளபளவென்று தேய்ந்திருந்தால் லைனர். கத்தியால் கீறின மாதிரி சுற்றிலும் கோடு இருந்தால் தகரம். ரேடியல் டயரின் பக்கச்சுவரில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குக் குறுக்கே ஓடுகின்றன. சுவர் கீறி இழை அறுந்தால் அந்த இடம் புடைக்கும், பிறகு வெடிக்கும். பஞ்சர் ஒட்டுவது தரையைத் தொடும் பகுதிக்கு மட்டும்தான். பக்கச்சுவர் கீறலுக்கு ஒட்டு கிடையாது, டயரையே மாற்ற வேண்டும். முன்சக்கரத்தின் உள்பக்கம் பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் போகின்றன. டயர் அதைத் தொட்டால் விஷயம் சத்தத்தோடு நிற்காது.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை

பிள்ளைங்க விளையாடுகிற களிமண்ணை வாங்கி, லைனரிலும் மட்கார்டு ஓரத்தின் உள்புறத்திலும் சின்ன உருண்டைகளாக ஒட்டுங்க. அஞ்சு பேரை ஏற்றி, மெதுவான வேகத்தில் வழக்கமான ரோட்டில் ஒரு சுற்று, காலி மைதானத்தில் ரெண்டு பக்கமும் முழு திருப்பத்தில் ஒரு சுற்று. திரும்பி வந்து களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அளந்தால், மிச்ச இடைவெளி அதுதான். முழு பாரத்தில் 10 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் எனக்கு நிம்மதி. சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகாதீங்க, ஸ்டாண்டு வையுங்க.

எதை முதலில் மாற்றுவது?

முதலில் டயர் அளவு. சரியான விட்டத்துக்கு வந்தால் பாதிப் பிரச்சினை போகும். ரெண்டாவது, ஈ.டி. சரியான ரிம். மூன்றாவது, உயரம். 35 இறக்கியதை 15-ஆக ஆக்கினால் 20 மி.மீ. திரும்பக் கிடைக்கும். ஸ்டியரிங் திருப்பத்தைக் கட்டுப்படுத்துவது, கூடுதல் பம்ப் ஸ்டாப் வைப்பது எல்லாம் ஓட்டும் சுகத்தைக் கொடுத்து வாங்குகிற தீர்வுகள். கடைசியில்தான் மட்கார்டு ஓரத்தை மடிப்பது. மடித்தால் பெயிண்ட் வெடிக்கும், டெல்டா ஈரத்தில் துரு பிடிக்கும். பின் மட்கார்டு ஓரத்தில் உள் தகரமும் வெளித் தகரமும் ஸ்பாட் வெல்டில் சேர்ந்திருக்கும். அதை அறுத்தால் அந்தச் சேர்க்கையே பிரிந்துவிடும். டிங்கர் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்க.

டயர் மாற்றும்போது பாரக் குறியீட்டையும் பாருங்க. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோதான். பக்கச்சுவர் குறைந்த டயர்களில் இந்த எண் குறைவாக வருவது உண்டு. கம்பெனி டயரில் இருக்கிற எண்ணுக்குக் கீழே போகக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களோடு ஒத்துப்போகாதபடி வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். போலீஸ் பிடிக்கிறதா என்பது வேறு விஷயம். விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்போது, சொல்லாமல் செய்த மாற்றம் உங்களுக்கு எதிராக நிற்கும். அதே மாடலின் மேல் வேரியண்டில் கம்பெனியே கொடுக்கிற ரிம், டயர் அளவுக்குள் இருந்துவிட்டால் கணக்கும் எளிது, இந்தத் தலைவலியும் குறைவு.

கடைக்குப் போகும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு எண்ணை எழுதிக்கொண்டு போங்க: இப்போதைய விட்டம், வெளி ஓரம், உள் ஓரம், பாரக் குறியீடு. பிடித்த ரிம்மின் ஈ.டி.யைக் கேளுங்க. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் ரிம்மைத் திருப்பிப் பார்த்தால் போதும், வார்த்தே இருக்கும். அஞ்சு நிமிஷக் கூட்டல் கழித்தல்தான். பின்சீட்டில் உட்காரப் போகிறவங்க நம்ம வீட்டு ஆட்கள்.